வாவிக்குள் இறங்கிய மூக்கன்

போன மாதம் உறவுக்காரப் பெண்ணொருத்தியின் கலியாணத்துக்காக, வாவிக்கரையில் புதிதாகக் கட்டியிருக்கும் ஹோட்டல் ஒன்றுக்குப் போயிருந்தேன். வாசலில் ஒரு பழைய லொறி நின்றது. நீண்ட மூக்கு, இரண்டு துண்டாகப் போட்ட முன்கண்ணாடி, பம்பருக்கு மேலே கம்பிவடம் சுற்றிய வின்ச். சிவப்புப் பெயின்ற் அடித்துப் பின்பெட்டியில் பூச்சட்டி அடுக்கியிருந்தார்கள். இளசுகள் மட்கார்டில் ஏறி இருந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் பட்டு வேட்டியோடு குனிந்து வின்ச்சின் அடியில் விரலை விட்டுத் துழாவினேன். பெயின்ற் போகாத மூலையில், கல்லாய் இறுகிய கிறீஸ் கொஞ்சம் இருந்தது. நகத்தால் சுரண்டி மணந்து பார்த்தேன். "எல்லாரும் பாக்கிறாங்க, எழும்புங்க" என்றாள் என் மனைவி. பார்க்கட்டும். அந்த மணத்தை விட்டு எழும்ப எனக்கு மனம் வரவில்லை.

இந்த வகை லொறிகள் மரம் ஏற்றுவதற்கென்று பிறந்தவை அல்ல. இரண்டாம் உலகப் போருக்கு வெள்ளைக்காரன் கொண்டுவந்து, போர் முடிந்ததும் ஏலத்தில் தள்ளிவிட்டுப் போனவை. எல்லாச் சக்கரமும் இழுக்கும் என்பதால் சேறும் பள்ளமும் அவற்றுக்கு ஒரு பொருட்டில்லை. மரம் வெட்டும் காட்டுக்காரர் அவற்றைப் பிடித்துக்கொண்டார்கள். துருப்பிடித்த இரும்புக் கூட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, தச்சரைக் கொண்டு பலகையில் புதுக்கூடு அடித்தார்கள். சங்கிலிவாள் வராத காலம் அது. இரண்டு பேர் எதிரெதிரே குந்தியிருந்து இழுப்புவாளால் முதிரை மரத்தை அறுப்பார்கள். விழுந்த மரத்துண்டை, எங்கள் பேச்சில் குத்தியை, முன்பெல்லாம் யானை இழுத்து வந்ததாம். என் காலத்தில் வின்ச் இழுத்தது. சாய்மரம் இரண்டை லொறியில் சார்த்தி, சங்கிலி கோத்து உருட்டி ஏற்றினால், முதிரைப் பாலின் மணமும் பெற்றோல் மணமும் கலந்து ஒரு மணம் வரும். சோறு தின்னும்போதுகூடக் கையில் அது இருக்கும்.

நான் ஓட்டிய லொறிக்குப் பெயர் மூக்கன். அதன் சொந்தக்காரர் அந்தோனி அண்ணன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது, அவருடைய மனைவி அக்னஸ் அக்கா லொறியை விற்றுவிடுவார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த மறுநாள் காலை, கறுப்புச் சாரியோடு வந்து லொறித் திறப்பை என் கையில் வைத்தார்.

"தம்பி, பெற்றோல் அடிச்சா? வா, காட்டுக்குப் போவம்."

எனக்கு இருபத்திரண்டு வயது. மீசை அப்போதுதான் ஒரு முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. ஒரு பெண்பிள்ளையை முன்சீற்றில் வைத்துக்கொண்டு காட்டுக்குப் போவதை நினைக்கவே எனக்கு வெட்கம். அவருக்கு அப்படி ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. போன இடத்தில் குத்தியைத் தட்டிப் பார்த்து உள்ளே கோறை, பொந்து ஏதும் இருக்கிறதா என்று கேட்பார். சங்கிலியைத் தானே கொழுவித் தானே இறுக்குவார். மற்றவர் இறுக்கினால் அவிழ்த்துத் திரும்ப இறுக்குவார்.

வாவிக்கு மேற்கே, சூரியன் படுகிற பக்கம் படுவான்கரை. காடும் வயலும் அங்கே. கிழக்கே எழுவான்கரை. ரோட்டும், மரம் வாங்கி விற்கிற மரக்காலையும் இங்கே. நடுவில் பாலம் இல்லை, 'பாதை'தான் இருந்தது. பாதை என்றதும் ரோட்டு என்று நினைத்துவிடாதீர்கள். மிதவைகளின் மேல் பலகை அடித்து, குறுக்கே கட்டிய வடத்தைப் பிடித்து ஆட்கள் இழுத்துக்கொண்டு போகிற பெரிய தெப்பத்துக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர்.

அன்று மூன்று முதிரைக் குத்திகளோடு வந்துகொண்டிருந்தோம். எழுவான்கரை கிட்ட வந்துவிட்டது. திடீரென்று மேற்கிலிருந்து கச்சான் காற்று ஒரேயடியாய் அடித்தது. பாதை ஒரு பக்கம் சரிந்தது. சக்கரத்துக்கு வைத்த கட்டைகள் வழுக்கின. கரையைப் பார்த்தபடியே, எருமை சேற்றில் படுப்பதுபோல, அவசரமில்லாமல் மூக்கன் வாவிக்குள் இறங்கியது. அதன் பக்கத்தில் நின்ற நானும் கூடவே இறங்கினேன்.

நான் குருக்கள்மடத்தான். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. இரண்டுக்கும் நடுவில் பிறந்து வளர்ந்தும் நீந்தத் தெரியாதவன். வாவித் தண்ணீர் உப்பா இனிப்பா என்று பலர் கேட்பார்கள். நான் அன்று வேண்டியமட்டும் குடித்துப் பார்த்துவிட்டேன், உப்புத்தான். சட்டைக் கொலரில் ஒரு பிடி விழுந்தது. கரையில் இழுத்துப் போட்ட பிறகுதான் பார்த்தேன், அக்னஸ் அக்கா. அவர் வாவியில் மீன் பிடித்தவரின் மகள் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"தண்ணிக் கரையில இவ்வளவு காலமும் என்னதான் செய்தாய் தம்பி?" என்று கேட்டுவிட்டு, திரும்பி லொறியைப் பார்த்தார். பலகைக் கூட்டின் உச்சி மட்டும் தெரிந்தது. அதில் ஏற்கெனவே ஒரு நீர்க்காகம் வந்து குந்தியிருந்தது.

பின்னேரம் மரக்காலை முதலாளி வந்தார். நல்ல மனிதர்தான். "விடுங்க அக்கா, சேத்துக்குள்ள போனது போனதுதான். இரும்பு விலைக்கு நான் எடுக்கிறன்."

"அது இன்னும் இரும்பாகல்ல முதலாளி. லொறிதான். உங்கட இரட்டைக் கப்பிய மட்டும் இரவல் தாங்க."

அவர் சிரித்தார். பிறகு கப்பியைக் கொடுத்தனுப்பினார்.

அன்றிரவு அக்கா என்னிடம் சொன்னது ஒன்றுதான். "இத விட்டா, நாளைக்கு நான் ஆருட மீன்வாடியிலயோ கருவாடு காயப்போடணும். புள்ளையள் ரெண்டும் பள்ளிக்கூடத்த விடணும். ஏலாது தம்பி. எடுக்கத்தான் வேணும்."

குத்திகளோடு லொறியை இழுக்க முடியாது. முதலில் சங்கிலியை அவிழ்க்க வேண்டும். மறுநாள் காலை பாதைக்காரர் இருவர் முக்குளித்துப் பார்த்துவிட்டு, ஒரே கலங்கல், கொழுக்கி கண்ணுக்குத் தெரியவில்லை என்று ஏறிவந்தார்கள்.

"கண்ணால பாக்கத் தேவையில்ல" என்றார் அக்கா. "அதக் கொழுவினது நான்தான்."

அந்தோனி அண்ணனின் காக்கிக் காற்சட்டையையும் சட்டையையும் போட்டு, சுத்தியலை இடுப்பில் செருகிக்கொண்டு, நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு இறங்கினார். ரோட்டில் பஸ்ஸை நிறுத்திவிட்டுச் சனம் பார்த்தது. காற்சட்டை போட்ட பெண்ணைப் பார்க்கத்தான் பாதிச் சனம் இறங்கியது என்று நினைக்கிறேன். அக்காவின் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுநுனி என் கையில். அவர் போனார், வந்தார், மூச்சு வாங்கினார், திரும்பப் போனார். கடைசித் தடவை போனபோது கயிறு அசையவேயில்லை. இழுக்கவா விடவா என்று தெரியாமல் கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். அப்போது தண்ணீருக்கு அடியில் டொங் என்று ஒரு சத்தம். குமிழிகள் பொங்கின. பாரம் உருண்டுபோக, மூக்கன் நோயாளி எழும்பி உட்காருவதுபோல நிமிர்ந்தது. அதற்கு அப்பால் அக்காவின் தலை தெரிந்தது. உள்ளங்கை கிழிந்து இரத்தம். "வின்ச் வடத்தையும் அவிழ்த்து விட்டிருக்கன், நுனியக் கரைக்குக் கொண்டு போங்க" என்றார்.

இழுக்க ஆள் பலம் போதாது. கொக்கட்டிச்சோலைப் பக்கம் கந்தப்போடியார் என்று ஒரு பெரிய நிலக்காரர், வயல் வட்டை முழுக்கவும் பெரிய எருமைப் பட்டியும் உள்ளவர். அவருடைய புதுவீட்டுக்கு மரம் கொண்டுபோய் இறக்கியது மூக்கன்தான். அவருக்குச் சொல்லி அனுப்பினோம். அடுத்த நாள் காலை படுவான்கரையில் எருமைகள் வந்து நின்றன. பாதையில் ஏற்றவில்லை; தண்ணீருக்குள் இறக்கிவிட்டார்கள். வாவியின் மேல் கொம்புகளும் மூக்குகளும் மட்டும் வரிசையாக வந்த அந்தக் காட்சியை என்னால் இன்றைக்கும் மறக்க முடியாது. போடியார் ஒரு தோணியில் பின்னால் வந்தார். கரை ஏறியதும் அக்காவைப் பார்த்து, "புள்ள, மாடு இழுக்கும். அறுந்து போகாம வடத்த நீ பாத்துக்க" என்றார்.

கப்பியை எதில் கட்டுவது? கரையில் கண்டல் பற்றையைத் தவிர ஒரு மரம் இல்லை. தண்ணீருக்குள் உருண்ட குத்திகளில் ஒன்றை எருமைகளை விட்டே இழுத்தெடுத்து, கரையில் கிடங்கு வெட்டிக் குறுக்கே புதைத்து, அதில் கப்பியைக் கட்டினோம். எருமைகள் இழுத்தன. வடம் முறுகிப் பாடியது. மூக்கன் அசையவில்லை, புதைத்த குத்திதான் மண்ணைப் பிளந்துகொண்டு வெளியே வரப் பார்த்தது.

"நிப்பாட்டுங்க!" என்று கத்தினார் அக்கா.

முதலாளி சொன்னதுதான் நடக்கப்போகிறது என்று நான் உள்ளுக்குள் நினைத்தேன். அக்கா மண்வெட்டியை எடுத்துக் கிடங்குக்குள் குதித்தார். காயத்தில் சுற்றிய சீலைத்துணி சிவந்தது. அவர் வெட்டத் தொடங்கியதும் போடியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். போடியாரே இறங்கின பிறகு மற்றவர்கள் நிற்க முடியுமா? கிடங்கு இன்னும் ஓர் ஆள் ஆழம் போனது. இரண்டாவது குத்தியையும் இழுத்தெடுத்து முதலாவதற்கு முண்டு கொடுத்துப் புதைத்தோம்.

இந்த முறை எருமைகளோடு சேர்ந்து, அன்றும் பஸ்ஸை நிறுத்தி இறங்கிய சனமும் வடத்தைப் பிடித்தது. சேறு ஒரு பெரிய முத்தம் கொடுத்துவிட்டு விட்டதுபோல ஒரு சத்தம் வந்தது. முதலில் மூக்கு தெரிந்தது, பிறகு முன்சக்கரம், பிறகு முழு லொறியும் சேறு வடிய வடியக் கரையேறியது. என் சீற்றில் ஒரு நண்டு இருந்தது. இறங்க மறுத்தது.

மிச்சமிருந்த குத்தியையும் கரைக்கு இழுத்துப் போட்டுவிட்டு, எல்லோரும் அதோடு கதை முடிந்ததென்று வீட்டுக்குப் போனார்கள். எங்களுக்கு இனித்தான் வேலை. எஞ்சினைக் கழற்றி, கழுவி, எண்ணெய் மாற்றினோம். கொயிலுக்கும் டைனமோவுக்கும் உள்ளே போன ஈரம் வெயிலில் காயவில்லை. அக்கா அவற்றைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பேக்கரிக்குப் போனார். பாண் எடுத்த பிறகு போறணை அடுப்பில் மிஞ்சியிருக்கிற இளஞ்சூட்டில் வைத்துத் தாருங்கள் என்று கேட்டார். பேக்கரிக்கார முஸ்லிம் நானா தாடியைத் தடவி யோசித்தார். "பாண் பெற்றோல் மணந்தா ஆரு தங்கச்சி வாங்குவான்?" என்று கேட்டுக்கொண்டே வாங்கி உள்ளே வைத்தார். அடுத்த நாள் பாணை நான் வாங்கித் தின்றேன். கொஞ்சம் மணக்கத்தான் செய்தது. வெளியில் சொல்லவில்லை.

கிறாங்க் போட்டுச் சுற்றினேன். இருமியது, நின்றது. திரும்பச் சுற்றினேன். கம்பி திருப்பி அடித்து மணிக்கட்டு வீங்கியது. இடது கையால் சுற்றினேன். கறுப்புப் புகை ஒன்றைக் கக்கிவிட்டு மூக்கன் உறுமியது. அக்கா அழுவார் என்று நினைத்தேன். அவர் முன்சீற்றில் ஏறிச் சாரியைச் சரிசெய்துகொண்டு, "வா தம்பி, அந்த மூண்டு குத்தியையும் ஏத்திக் கொண்டுபோய் இறக்குவம். மரக்காலையில பாத்துக்கொண்டு இருப்பாங்க" என்றார்.

மரக்காலை வாசலில் நான் ஹோண் அடித்தேன். முதலாளி தானே வந்து இரண்டு கதவையும் அகலத் திறந்து, ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றார்.

பிறகு சூறாவளி வந்து கரையோரத் தென்னையெல்லாம் ரோட்டில் படுத்தபோது, அந்த வின்ச்தான் எங்கள் ஊர் வரைக்கும் ரோட்டைத் திறந்தது. பிள்ளைகள் இருவரும் படித்து ரீச்சராகினார்கள். அதன் பிறகு எங்கள் போர் வந்தது. காட்டுக்கு ஒருவரும் போக முடியாமல் போனது. படுவான்கரையில் விட்டுவந்த மூக்கனை, இடம்பெயர்ந்தவர்கள் திரும்பிப் போனபோது காணவில்லை. ஆளுக்கொன்றாய்க் கழற்றிப் போயிருந்தார்கள். வின்ச் மட்டும் மீனவர் தங்கும் ஒரு கடற்கரை வாடியில் தோணி இழுக்க வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு, அக்காவும் நானும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தோம். நன்றாகக் கிறீஸ் பூசி வைத்திருந்தார்கள். அக்கா சுற்றிப் பார்த்துவிட்டு, தன்னுடையது என்று சொல்லாமலே திரும்பிவிட்டார்.

அந்த வாடியைச் சுனாமி கொண்டுபோனது. இன்று பாதையும் இல்லை. பாலத்தில் ஏறினால் பேச்சைத் தொடங்குமுன்னே அக்கரை வந்துவிடுகிறது. மரக்காலை இருந்த இடத்தில் போன் கடைகள். அக்காவும் போன வருடம் போய்விட்டார். சுனாமி வந்த அந்தக் கிழமை, வாடியும் வின்ச்சும் அள்ளுண்டு போனதை நான்தான் அவருக்குப் போய்ச் சொன்னேன். கண்பார்வை மங்கி, கட்டிலில் இருந்தார்.

"அந்த வாடிப் பொடியன்மார்?" என்று கேட்டார்.

"பூசைக்குப் போயிருந்ததால தப்பிட்டாங்க அக்கா."

"தோணி?"

"இல்ல. எல்லாம் போயிட்டு."

பிறகு காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டுச் செருப்பைக் காலால் துழாவித் தேடினார்.

"அப்ப வா தம்பி, போவம். அவங்களுக்கு இழுக்க ஒண்டும் இல்ல, கைகுடுக்க ஆளில்லாமத் தனிய நிப்பாங்க."