தவறியவர் என்றொரு கட்டம்

ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை தாங்கள் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டும், தெரியுமல்லவா? போன வாரம் அதற்காகத்தான் பொன்னேரிக்குப் போயிருந்தேன். என் கட்டைவிரலை இயந்திரம் ஏற்கவில்லை. துடைத்து வைத்தேன், அழுத்தி வைத்தேன், பக்கத்து விரலையும் வைத்துப் பார்த்தேன். கவுன்ட்டரில் இருந்த பெண் பொறுமைசாலி. “லேசா எண்ணெ தடவிட்டு வையுங்க மேடம், உயிர் வந்துடும்” என்றாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவளிடம் காரணம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்லலாம். உயிரோடிருந்த ஒரு பெண்ணை ஒரு காலத்தில் காகிதத்தில் கொன்றவள் நான்.

அரசாங்க வேலைக்கு வருமுன் ஓர் ஆராய்ச்சியில் களப்பணியாளராக இருந்தேன். பழவேற்காட்டு ஏரியில் கையால் இறால் பிடிக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து, பறிக்கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றை இரண்டு கையாலும் துழாவுவார்கள். இறால் முள் குத்திய இடம் உப்புத் தண்ணீரில் ஊறி ஊறி ஆறவே ஆறாது. அந்தப் புண்ணுக்கு ஒரு புதுக் களிம்பு பலிக்கிறதா என்று சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி டாக்டர்கள் சோதித்துக்கொண்டிருந்தார்கள். வேப்பெண்ணெயையும் ஷூ பாலிஷையும் சேர்த்துக் குழைத்த வாசனை அதற்கு. என் கைப்பை, சாப்பாட்டு டப்பா, துப்பட்டா எல்லாம் அந்த வாசனைதான். மீஞ்சூருக்குத் திரும்பும் மின்சார ரயிலில் நான் ஏறினால் ஜனங்கள் தள்ளி உட்காருவார்கள். எனக்கு இடம் கிடைத்துவிடும்.

வாரம் ஒருமுறை பஸ் பிடித்துப் போய், ஒவ்வொருவர் புண்ணையும் ஸ்கேல் வைத்து அளந்து எழுத வேண்டும். ‘நோட்டுப் பொண்ணு’ என்றுதான் என்னைக் கூப்பிடுவார்கள். அவர்களில் நாற்பத்தொன்றாம் எண் கன்னியம்மா அக்கா. வயதும் ஏறக்குறைய அவ்வளவுதான். வலது ஆள்காட்டி விரலில் இரண்டு மாதப் புண். ஆறாவிட்டால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று ஏற்கெனவே ஒரு டாக்டர் சொல்லியிருந்தார். “சேத்துக்குள்ள இந்த வெரலுதாம்மா எனக்குக் கண்ணு. அத்த எடுத்துட்டா நா இன்னாத்த புடிப்பேன்?” என்று முதல்நாளே கேட்டுவிட்டார். களிம்பு போட்ட நாலு வாரத்தில் புண் பாதியாகச் சுருங்கியது. ஏதோ நானே வைத்தியம் பார்த்த மாதிரி எனக்குப் பெருமை.

அதற்கப்புறம் மூன்று வாரம் ஆளைக் காணோம். எங்கள் படிவத்தில் அதற்கென்றே ஒரு கட்டம் இருந்தது. தொடர்ந்து மூன்றுமுறை வரத் தவறினால் டிக் அடிக்க வேண்டும். இங்கிலீஷ் படிவத்தைத் தமிழாக்கிய புண்ணியவான் அதற்கு வைத்த பெயர், ‘தவறியவர்’. நானும் டிக் அடித்தேன். அதோடு விட்டிருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரி, “அவ இல்லம்மா, ஆந்திரா பக்கம் தண்ணி எறங்கிக்கீது, எறா கெடைக்கும்னு போயிட்டா” என்று முழுசாகத்தான் சொன்னாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று நான் குறிப்பில் எழுதியது இவ்வளவுதான்: ‘நேரில் சென்றேன். ஆள் இல்லை.’

அடுத்த மாதம் வந்த களிம்புப் பெட்டியில் நாற்பதாம் எண் டப்பா இருந்தது, நாற்பத்திரண்டு இருந்தது, நாற்பத்தொன்று இல்லை. பூத்திலிருந்து போன் போட்டால், ஆஸ்பத்திரி அலுவலகத்தில் படிவங்களைக் கணினியில் ஏற்றுகிறவர், “அவங்கதான் தவறிட்டாங்களே, நீங்கதானே எழுதியிருக்கீங்க” என்றார். பேரை அடித்தாகிவிட்டது, கடிதம் எழுதித் திரும்பச் சேர்க்க விதியில் இடமில்லையாம். அன்றைக்கென்று பார்த்து அக்கா திரும்பி வந்திருந்தார். போன இடத்தில் களிம்பு தீர்ந்து விரல் மறுபடி வீங்கியிருந்தது. நடந்ததை அப்படியே சொன்னேன். “எப்ப செத்தேன்?” என்று கேட்டார்.

மறுநாள் காலை பொன்னேரியிலிருந்து அவரை ரயிலேற்றிச் சென்னைக்குக் கூட்டிப்போனேன். நல்ல புடவை, தலை நிறையப் பூ. வழியெல்லாம் நான்தான் பேயறைந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அவர் ஜன்னலோரம் பிடித்து வேர்க்கடலை தின்றார். அலுவலகத்தில் அந்தக் கணினிக்காரர் தலை நிமிராமல் யாரென்று கேட்டார்.

“நாப்பத்தொண்ணு. செத்துட்டேன்னு சொன்னாங்கோ. மருந்து வாங்கினு போலாம்னு வந்தேன்.”

அவர் எழுந்தே நின்றுவிட்டார். பெரிய டாக்டர் முதலில் அக்காவை உட்காரவைத்து, விளக்கடியில் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காப்பாற்றிவிடலாம் என்றார், பேரைத் திரும்பச் சேர்த்துக் களிம்பும் கொடுக்கச் சொன்னார். அதற்கப்புறம்தான் என் குறிப்பைப் படித்தார். எனக்குக் கிடைத்த திட்டு நியாயமான திட்டு. மறு அச்சில் அந்தக் கட்டத்தின் பெயர், ‘வரவில்லை, எங்கே போயிருக்கிறார்?’ என்று மாறியது. கீழே நாலு வரி இடமும் விட்டார்கள். எந்தக் கரை, எங்கே தண்ணீர் இறங்கியிருக்கிறது, எப்போது திரும்புவார் என்று அதன்பின் நான் எழுதித் தள்ளினேன். விரல் ஆறியது.

அந்தக் களிம்பு கடைக்கு வரவேயில்லை. அந்த வாசனையும் அப்புறம் எங்கும் வரவில்லை. இப்போது கணக்கெடுக்க வரும் பெண்கள் கையில் டேப்லெட் வைத்திருக்கிறார்கள். அது செல்போன் நம்பர் கேட்கும், தண்ணீர் எங்கே இறங்கியிருக்கிறது என்று கேட்காது. குறை சொல்லவில்லை, எண்கள் அதில் பத்திரமாகத்தான் இருக்கின்றன. அக்கா மட்டும் எந்தக் கல்யாணத்தில் பார்த்தாலும், “என்ன சாவடிச்ச பொண்ணு இதான்” என்று என்னை நாலு பேருக்குக் காட்டுவார்.

போன மாதம் அவருடைய மகள் போன் செய்தாள். “அம்மா தவறிட்டாங்க” என்றாள். நான் யோசிக்காமல், “எந்தப் பக்கம் போயிருக்காங்க?” என்று கேட்டுவிட்டேன். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கும் அப்படித்தான் வந்தது.

மாலையோடு போனேன். மார்மேல் எடுத்து வைத்திருந்த வலது கையில் அந்த விரல் இருந்தது.