மின்தடை: இல்லை

நான் லைன்மேன். பத்தாவது தாண்டவில்லை. சுருளிப்பட்டிப் பக்கம் இருபது வருடத்துக்கு மேலாகக் கம்பி வேலை.

மாதக் கடைசியில் செக்சன் ஆபீசில் ஒரு தாள் கொடுப்பார்கள். எந்த டிரான்ஸ்பார்மரில் எத்தனை முறை கரண்ட் போனது என்று எழுத வேண்டும். நான் ‘இல்லை’ என்று எழுதுவேன். எல்லோரும் அப்படித்தான். பியூஸ் போகும், போட்டுவிடுவோம், கரண்ட் வந்துவிடும். வந்த பிறகு அதை எதற்கு எழுதுவது? தாள் சுத்தமாக இருப்பதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஊர்க்காரர்களும் புகார் நம்பருக்குப் பேச மாட்டார்கள். எனக்குத்தான் போன் அடிப்பார்கள். சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்து போவேன்.

அருவிக்குப் போகிற வழியில் ஒரு அக்கா பன்னீர் திராட்சைப் பந்தல் வைத்திருக்கிறார். அவர் தோட்டத்து டிரான்ஸ்பார்மரில் அக்கம்பக்கத் தோட்டங்களுடையதும் சேர்த்து ஆறு மோட்டார். மூன்று சேர்ந்து ஓடினாலே பியூஸ் போய்விடும். போன காய்ப்பில் காய் திரளுகிற நேரத்தில் தண்ணீர் இல்லாமல் பாதிக் கொத்து சூம்பிவிட்டது. இன்னொரு டிரான்ஸ்பார்மர் கேட்டு மனுக் கொடுத்தார். அடுத்த காய்ப்பும் இப்படியே போனால் பந்தலைப் பிரித்துவிடுவேன் என்றும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மனுவுக்குப் பதில் வந்தது. என்னிடம்தான் படிக்கக் கொடுத்தார். அந்த டிரான்ஸ்பார்மரில் மின்தடை எதுவும் பதிவாகவில்லை, ஆகவே இப்போது தேவை இல்லை என்று இருந்தது. படித்தேன். மடித்துக் கொடுத்தேன். வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அதன் பிறகுதான் புது விதி வந்தது. ஆபீசுக்குப் புதிதாக வந்திருந்த இன்ஜினியர் அம்மா எங்களை உட்காரவைத்துச் சொன்னார். இனி ஒவ்வொரு தடையையும் எழுத வேண்டும். எப்போது போனது, எப்போது வந்தது, எத்தனை இணைப்பு, என்ன காரணம். ஐந்து நிமிடமானாலும் சரி. இங்கிருந்து போகிற கணக்கு மேலே ஒழுங்குமுறை ஆணையம் வரைக்கும் போகும். நாம் எழுதுவதும் புகார் நம்பருக்கு வந்ததும் ஒத்துப்போக வேண்டும். மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். நான் ஒன்றுதான் கேட்டேன், காரணத்தில் ஓவர்லோடு என்று எழுதலாமா என்று. உண்மையென்றால் எழுதுங்கள் என்றார்.

எழுதினேன். தாள் திரும்பி வந்தது. நான் எழுதிய தடைக்கு ஒரு புகார்கூட இல்லையாம்.

அக்காவிடம் போய், இனி எனக்குப் போன் போடாதீர்கள், நம்பருக்குப் போடுங்கள் என்றேன். முகம் வாடிவிட்டது. என்மேல் கோபமா என்று கேட்டார். இல்லை என்றேன். அதற்குமேல் எனக்குப் பேச வராது.

அடுத்த தடைக்கு நம்பருக்கே போன் போட்டிருக்கிறார். சரி பார்க்க அங்கிருந்து திருப்பிக் கூப்பிட்டிருக்கிறார்கள். அக்கா பயந்துபோய், எங்கள் லைன்மேன் தங்கமான மனுசன், ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டார். புகாரை அப்படியே முடித்துவிட்டார்கள். இன்ஜினியர் அம்மா அதை எனக்குக் காட்டிவிட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

தோட்டத்துக்குப் போனேன். அக்கா பந்தலுக்கடியில் கொத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏங்க்கா அப்பிடிச் சொன்னீக?”

“பின்ன? போன்ல ஒரு புள்ள துருவித் துருவிக் கேக்குது. ஒன்னயக் காட்டிக் குடுக்கச் சொல்றியா?”

“என்னயப் பத்தி இல்லக்கா. கரண்டப் பத்தி.”

“கரண்டு போனா ஒன்னயத்தான தம்பி வைவாக?”

“வையட்டும். அப்பத்தான் டிரான்ஸ்பார்மரு வரும்.”

பிறகு மற்றதையும் சொன்னேன். மனுவுக்கு அப்படிப் பதில் வந்ததற்குக் காரணம் நான் எழுதிய தாள்தான் என்று. அக்கா என்னையே பார்த்தார். ஒரு கொத்தை அறுத்துக் கையில் கொடுத்துத் தின்னச் சொன்னார். பழுக்காத காய். பல் கூசியது. எல்லாவற்றையும் தின்றேன்.

“மொதல்லயே சொல்லிருக்கலாம்ல. வைய எனக்குத் தெரியாதா?” என்றார்.

தெரிந்திருந்தது. மற்ற ஐந்து மோட்டார்க்காரர்களையும் அவரே பேசிச் சேர்த்தார். பியூஸ் போனால் ஆளுக்கு ஒரு புகார். போன நேரம், வந்த நேரம் எல்லாம் காலண்டர் தாளில் குறித்து வைத்தார்கள். என் தாளோடு நிமிடம் பிசகாமல் ஒத்துப்போனது.

ஆபீஸ் கூட்டத்தில் என் தாள்தான் நீளம். பெரிய அதிகாரி யார் இது என்று கேட்டார். எழுந்து நின்றேன். ஏன் இவ்வளவு தடை என்றார். ஓவர்லோடு என்றேன். இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்றார். எழுதவில்லை என்றேன். உட்காரச் சொன்னார்.

அடுத்த காய்ப்புக்குக் காய் திரளும் முன்னே டிரான்ஸ்பார்மர் லாரியில் வந்து இறங்கியது. ஒன்பதரைக்கு லைனை நிறுத்தினோம். ஒன்று பத்துக்குக் கரண்ட் கொடுத்தோம். ஆறு மோட்டாரையும் சேர்த்துப் போடச் சொன்னேன். பியூஸ் போகாமல் நின்றது. கடைசி வரிசைப் பந்தல் வரை தண்ணீர் போனது. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு அந்தச் சேற்றிலேயே நடந்து வந்தார்.

நான் வரப்பில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

“என்னத்த எழுதுற?”

“மூணு மணி நாப்பது நிமிசம் கரண்டு இல்லன்னு.”

“அது நல்லதுக்குத்தான நிறுத்துனீக. அதயுமா எழுதுவ?”

“எழுதணும்க்கா.”

அக்கா ஒத்துக்கொள்ளவே இல்லை. நின்று வைதுகொண்டிருந்தார். நான் எழுதி முடித்தேன்.