தண்ணீருக்குள் தாழ்ந்த முதலை

நான் பெரியகல்லாற்றில் உயர்தர வகுப்பில் படிக்கிறேன். படம் எடுக்க ஆசை என்று சொன்னால், "நடிக்கப் போறியா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எனக்குக் கெமராவுக்குப் பின்னால் நிற்கத்தான் விருப்பம். கெமரா என்று இருப்பது அக்கா தந்த பழைய போன்.

போன வருடம் ஒரு பின்னேரம், அப்பா எங்கள் ஊர் வாவியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை வீசுவதைக் கரையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தேன். திரையில் அவருக்குப் பின்னால் ஒரு கறுப்புக் கட்டை தெரிந்தது. அது காற்றுக்கு எதிராக வந்தது.

"அப்பா, முதலை!"

அவர் ஓடவில்லை. மெல்லக் கரைப்பக்கம் நகர்ந்தபடி, "கத்தாத, மகள். அது எங்க நிக்குதெண்டு மட்டும் பார்த்துச் சொல்லு" என்றார்.

அதற்குள் அது தாழ்ந்துவிட்டது. ஒன்றுமே நடக்காதது போலத் தண்ணீர் கிடந்தது. அதைப் பார்த்தபோது கத்த முடிந்த எனக்கு, இப்போது குரலே வரவில்லை.

"காணல்லப்பா" என்று எப்படியோ சொன்னேன். அவர் முகம் வெளிறிப்போனது. கரையேறி மணலில் குந்தியவரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

போன் எல்லாவற்றையும் பதிவு செய்திருந்தது. வீட்டில் அம்மா அதைப் பார்த்தபோது, முதலை வந்த இடத்தில் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. வெறும் தண்ணீர் தெரிந்த இடத்தில்தான், அப்பா பக்கத்தில் இருக்கிறாரா என்று திரும்பிப் பார்த்தா.

மறுநாளும் அப்பா வாவியில் இறங்கினார். நானும் கூடப் போனேன். படம் எடுக்கவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.