தாங்கலில் ஒரு வீடு

பாடிக்கு வந்து மூன்று வருடமாகியும் ஷேர் ஆட்டோவில் “தாங்கல் ஸ்டாப்” என்று கேட்டு இறங்கும்போதெல்லாம் எனக்குக் குழப்பம்தான். இறங்கினால் மருந்துக்கடை, ஜிம், மாடி வீடுகள். தாங்கல் என்றால் என்ன? ஆபீசில் திருநெல்வேலிக்காரர் குளமாக இருக்கும் என்றார், தஞ்சாவூர்க்காரர் ஏரி என்றார். ஆளுக்கொன்று சொல்லி இருந்த தெளிவையும் கெடுத்தார்கள்.

நம் சிவகங்கைப் பக்கம் எல்லாமே கண்மாய்தான். மடைக்குக் கண் என்று பெயர், கண்வாய்தான் கண்மாய் ஆயிற்று என்பார்கள். ஊர்க்காரர்கள் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மழை பெய்தால் தண்ணீர் எதுவரை வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்தால்தான் நமக்குச் சோறு இறங்கும். அந்தப் பழக்கம்தான் என்னைக் கெடுத்தது. குடியிருக்கும் தெருவிலேயே தரைத்தள வீடு ஒன்றைப் பார்த்து, திங்கட்கிழமை கையெழுத்து என்று பேசியிருந்தோம். வியாழக்கிழமை அடைமழை. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, பக்கத்துக் காலி மனையில் தண்ணீர் ஏறுவதை ஆசையாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“இன்னா சார், சிரிச்சிகினு நிக்கிற? வண்டிய எடுத்துகினு போய் மேம்பாலத்துல உடு” என்றார் தெருமுனையில் இட்லிக் கடை வைத்திருக்கும் ஸ்டெல்லா அக்கா.

“தண்ணி வருதேக்கா, நல்லதுதானே?”

“ஊட்டுக்குள்ள வரும் சார். இது தாங்கல். பெரிய ஏரி ரொம்பி வழிஞ்சா அந்தத் தண்ணி இங்கதான் வந்து நிக்கும். அத்தத் தாங்கத்தான் அந்தக் காலத்துல வெட்டி வச்சிகீறாங்க.”

“தெரிஞ்சுமா இங்க இருக்கீங்க?”

“பொறந்ததே இங்கதான். எங்க போவ சொல்ற?”

நாங்கள் வாங்கவிருந்த வீட்டு வாசலைத் தண்ணீர் தாண்டியிருந்தது. கண்மாய்க்குள் வீடு கட்டுகிறவனை நம் ஊரில் கிறுக்கன் என்போம். அந்தக் கிறுக்கன் நான்தானா? வெட்கமாக இருந்தது. மனைவியிடம் சொன்னால், “இந்தப் பக்கம் எங்க வாங்கினாலும் ஏதோ ஒரு ஏரிதாங்க” என்கிறாள். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

முழங்காலளவு தண்ணீரில் பைக்கைத் தள்ளும்போது அம்மா ஃபோனில் வந்தாள்.

“கம்மா நெறஞ்சு வழிஞ்சு மறுகா பாயுதுய்யா. அங்கிட்டு மழை உண்டா?”

“இங்கயும் நெறஞ்சிருச்சும்மா.”

அம்மாவுக்குச் சந்தோஷம். “நல்ல சகுனம்யா. யோசிக்காம திங்கக்கிழம கையெழுத்தப் போட்டுரு.”

சரிம்மா, சரிம்மா என்று சொல்லிக்கொண்டே பைக்கை மேம்பாலத்தில் ஏற்றினேன்.