கமலா தின்ற முட்டைகள்

எலும்புக்கும் ஒரு வயசு உண்டு என்பது எனக்கு அறுபது தாண்டிய பிறகுதான் தெரிந்தது. போன மாசம் ஒரு டாக்டரம்மா கம்ப்யூட்டரில் ஒரு கையின் எக்ஸ்ரே படத்தைக் காட்டி, "பிள்ளைக்கு எட்டு வயசு. ஆனா இந்த எலும்புக்கு பதினொண்ணும்மா" என்றாள்.

கை என்னுடையது இல்லை. பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் எனக்கு மூன்று பிஜி ஹாஸ்டல் இருக்கிறது. ஒன்றாம் வகுப்போடு நின்ற ஒருத்தி கட்டியது. ஒருத்தரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. புதிதாக வந்து சேருகிற ஒவ்வொரு பெண்ணிடமும் இதைச் சொல்லிவிட்டுத்தான் ரூம் சாவியைக் கொடுப்பேன். காதில் மாட்டியிருப்பதைக் கழற்றாமலே தலையாட்டுவார்கள். அங்கே சமைக்கிற மஞ்சுளாவின் மகளுடைய கைதான் அது. பிள்ளையின் உடம்பில் மாற்றம் தெரிகிறது என்று ஒரு வாரமாக மஞ்சுளா சாம்பாரில் உப்பை மறந்துகொண்டிருந்தாள். பிடித்துக் கேட்டதும் அழுதுவிட்டாள். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க மேடம்." நான் டிரைவரைக் கூப்பிட்டேன்.

"பிராய்லர் கோழி துன்றதாலயா டாக்டர்?" என்று மஞ்சுளா கேட்டாள்.

டாக்டரம்மா கன்னடக்காரி. தமிழ் நன்றாகவே வருகிறது. "டென்ஷன் பேடாம்மா, வேணாம். கோழி மேல எல்லாரும் பழி போடறாங்க, அப்படி ஒண்ணும் நிரூபணம் ஆகல" என்று சிரித்துவிட்டுச் சொன்னாள். நம் மூளையின் அடியில் ஒரு இடம் இருக்கிறதாம். சின்ன வயசில் அது தூங்குமாம். உடம்பில் போதுமான சத்தும் கொழுப்பும் சேர்ந்துவிட்டது என்று சேதி போனால் எழுந்து, சினைப்பைக்கு ஆணை அனுப்புமாம். அது எப்போது எழும் என்பதில் பெரும்பங்கு அம்மா அப்பா வழியாக வருவது. மிச்சம் சாப்பாடு, எடை, நோய், உழைப்பு, மனக்கஷ்டம். சில பிள்ளைகளுக்குக் காரணமே பிடிபடாதாம். ரத்தம் பார்க்கலாம், தேவைப்பட்டால் கொஞ்ச வருஷம் நிறுத்திவைக்க ஊசி இருக்கிறது என்றாள்.

நான் கேட்டேன்: "ஒரே வயித்துல பொறந்த ரெட்டைப் பிள்ளைங்களுக்கு?"

"ஒரே அச்சா இருந்தா ஏறக்குறைய ஒண்ணாதான் வரும். வளர்ற இடமும் சாப்பாடும் வேறயா இருந்தா மாறலாம். ஏம்மா, வீட்ல ரெட்டை இருக்காங்களா?"

நான் படத்தின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்தப் படத்தில் விரல் எலும்புகளின் நுனியில் மயிரிழை மாதிரி இடைவெளி தெரிந்தது. அது மூடிவிட்டால் உயரம் நின்றுவிடுமாம். எனக்கு எலும்பு என்றாலே பெரியப்பாவின் தூக்குச்சட்டி ஞாபகம் வந்துவிடும். கன்டோன்மென்ட்டில் ஒரு மிலிட்டரி அதிகாரி பங்களாவில் அவர் சமையல்காரர். சாயங்காலம் விவேக் நகர் வீட்டுக்கு வரும்போது தூக்குச்சட்டியில் ஆட்டு எலும்பும், வெண்ணெய் தடவிய ரொட்டித் துண்டும், வேகவைத்த முட்டையும் இருக்கும். அவர் தெருமுனை திரும்பும்போதே மிளகு வாசனை முன்னால் வந்து கதவைத் தட்டும்.

அந்தச் சட்டி கமலாவுக்கு. கமலா என்னோடு கூடப் பிறந்தவள். நான் முந்தி, அரைமணி நேரம் கழித்து அவள். பிறந்தபோது எலிக்குஞ்சு போல இருந்தாளாம். அம்மாவுக்கு இரண்டு பேருக்கும் பால் போதவில்லை. பிள்ளையில்லாத பெரியம்மா, "சோதாவை என்கிட்டே குடு, பசும்பால் ஊத்தி ஆளாக்கறேன்" என்று தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நான் திடமாக இருந்தேன். அந்தத் திடத்துக்குக் கிடைத்த பரிசு ஈஜிபுரா குடிசையும் கேழ்வரகுக் களியும். எட்டு வயசில் அம்மாவோடு கட்டட வேலைக்கு மண் சுமக்கப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை வயல் வழியாக நடந்து பெரியம்மா வீட்டுக்குப் போவேன். இன்று வீடுகள் நெருக்கும் ஈஜிபுராவில் வயலா என்று சிரிக்காதீர்கள், இருந்தது. கமலா முட்டை தின்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். "அதுக்கு ஒடம்பு வீக்குடி, துன்னட்டும்" என்பாள் பெரியம்மா. அந்த வீக்கான உடம்பு பத்து வயசில் என்னைவிட ஒரு சாண் உயரம். கமலா மஞ்சள் கருவில் பாதியைக் கிள்ளிப் பாவாடை மறைவில் என் கையில் திணிப்பாள். அவள் மனசு அப்படி.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அம்மாவின் தம்பிக்கு ஒரு பெண் கொடுக்க வேண்டும் என்று முறை இருந்தது. ரெட்டையில் எதைக் கொடுப்பது? ஒருநாள் காப்பிக்கு நடுவே அம்மாவும் பெரியம்மாவும் முடித்துவிட்டார்கள். "எது மொதல்ல வயசுக்கு வந்து ஒக்காருதோ, அது என் தம்பிக்கு." எங்கள் இரண்டு பேர் காதிலும் விழுந்தது. அது பட்டுப்பாவாடைக்குப் போட்டி என்று நான் நினைத்தேன். ஜெயிக்க வேண்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொண்டதும் உண்டு. கமலா மட்டும், "நான் டீச்சராவப் போறேன், மாமாவை நீயே வெச்சுக்க" என்றாள்.

அவள் ஆறாவது படிக்கும்போது உட்கார்ந்துவிட்டாள். முதல் நாள் நாலைந்து எள்ளுருண்டை தின்றிருந்தாள். "எள்ளு சூடுடி, சொன்னா கேட்டியா? நீயா இழுத்து விட்டுக்கின" என்று பெரியம்மா சந்தோஷமும் திட்டுமாகச் சொன்னாள். மாமா தென்னை ஓலை கொண்டுவந்து தெருவை அடைத்துக் குடிசை கட்டினார். உள்ளே கமலா. வெளியே நான், தோற்றுப்போன ஆத்திரத்தோடு.

ஓலைச் சந்தில் ஒரு விரல் வந்து என்னைக் கூப்பிட்டது. "டீ, நாளைக்குப் பரீட்சை. நீ என் எடத்துல போயி ஒக்காரு."

"எனக்கு எழுத வராதே!"

"பேரு மட்டும் எழுது. ஆளே வரலன்னா பேரை அடிச்சிடுவாங்க. ஒரே மூஞ்சி, யாருக்குத் தெரியும்?"

முகம் ஒன்றுதான். ஆனால் அவள் சட்டையைப் போட்டால் சோளக்கொல்லைப் பொம்மைக்கு மாட்டிய மாதிரி தொங்கியது. பாவாடையை மார்புக்கு மேல் ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டு போனேன். கமலா என்று எழுதத் தெருமண்ணில் பழகியிருந்தேன். பெஞ்சில் போய் உட்கார்ந்ததும் டீச்சர் கிட்டே வந்தார்.

"யாரும்மா நீ?"

"கமலா, மிஸ்."

வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. "கமலாவோட தங்கச்சியா?" என்றார்.

அரைமணி நேரம் முந்திப் பிறந்தவள் நான்! அந்த ரோஷத்தில் உண்மையைக் கொட்டிவிட்டேன். "நான்தான் அக்கா மிஸ். அவ ஒக்காந்துட்டா."

டீச்சர் கொஞ்ச நேரம் என் தொளதொள சட்டையையே பார்த்தார். "தண்ணி ஊத்தி முடிஞ்சதும் அனுப்பச் சொல்லு. அவ பேரை நான் அடிக்க மாட்டேன்னு சொல்லு."

ஓலைச் சந்தில் வாய் வைத்து அதைச் சொன்னேன். உள்ளே கமலா கைதட்டியது கேட்டது. டீச்சர் வாக்குத் தவறவில்லை. பேர் இருந்தது, ஆள்தான் போகவில்லை. சடங்கன்று மாமா மாலை போட்டார். "கண்ணாலம் பேசின பொண்ணுக்கு இன்னாத்துக்கு ஸ்கூலு?" என்றாள் பெரியம்மா. அடுத்த தையில் தாலி. போட்டோவில் கமலா என்னைக் குனிந்து பார்க்கிறாள். நான் இலையில் விழுந்த வடையைப் பார்க்கிறேன்.

மாமா நல்ல மனுஷன். குடிக்கவில்லை, கை நீட்டவில்லை. அதனாலேயே கமலாவுக்கு யாரிடமும் குறை சொல்ல வழியில்லாமல் போயிற்று. இருபது வயசுக்குள் மூன்று பிள்ளைகள்.

எனக்குப் பதினாறு வயசு தாண்டித்தான் வந்தது. அதுவரை அக்கம்பக்கத்தில் பேசாத பேச்சில்லை. "மரக்கட்டை, இது எங்க ஒக்காரப் போவுது" என்பார்கள். அம்மா அழுவாள். என்னைப் பெண் கேட்டு ஒருவரும் வரவில்லை. வராத அந்த வருஷங்களில்தான் கட்டட வேலைக்காரர்களுக்கு இட்லி விற்க ஆரம்பித்தேன். இட்லி மெஸ் ஆனது, மெஸ் பிஜி ஆனது. தாமதமாகத்தான் வளர்ந்தேன், ஆனாலும் கமலாவைவிட நாலு விரல் உயரமாகிவிட்டேன். அவள் பன்னிரண்டில் நின்ற இடத்திலேயே நின்றாள்.

கமலா போய் ஆறு வருஷம் ஆகிறது. கிட்னி. ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் என்னிடம், "அம்மாவை எப்போ சேர்த்தீங்க?" என்று கேட்டாள். கமலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆமாம்மா, எம்பொண்ணுதான். லேட்டா பொறந்தா" என்றாள். பிறகு கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னிக்கு மட்டும் நான் அந்த எள்ளுருண்டையத் துன்னாம இருந்திருந்தா..." என்றாள். சாகும்வரை அவள் எள்ளைத் தொடவில்லை. சங்கராந்திக்கு யாராவது எள்ளும் வெல்லமும் கொடுத்தால் வாங்கி அப்படியே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவாள்.

ஒரே ஒரு நாள் தின்ற எள்ளுருண்டைக்கு அந்தச் சக்தி இல்லை என்று சொல்ல அன்று எனக்குத் தெரியாது. "விடுடி, பழங்கதை" என்று போர்வையை இழுத்துவிட்டேன். முட்டையும் பாலும் உன்னை எலிக்குஞ்சிலிருந்து ஆளாக்கின, ஆளான உடம்பு தன் வேலையைச் செய்தது, நீ எதையும் இழுத்து விட்டுக்கொள்ளவில்லை என்று இன்றைக்கென்றால் சொல்வேன். ஒருத்தரை வைத்து இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றுதான் டாக்டரம்மா சொன்னாள். பரவாயில்லை. அவளுக்காக நான் அடித்தே சொல்லியிருப்பேன்.

என் பேச்சுக்கும் அடி விழுந்துவிட்டது. ஒருத்தரும் தூக்கிவிடவில்லை என்று சாவி கொடுக்கும்போது சொல்வேனே, இப்போது நாக்கு கொஞ்சம் தடுக்கிறது. மஞ்சுளா மகளுக்கு நிறுத்திவைக்க ஊசி இருக்கிறது. என்னை நிறுத்திவைத்தது பசியும் மண்கூடையும். நான் கெட்டிக்காரி என்பது மெய்தான். ஆனால் கமலாவுக்குக் கிடைக்காமல் எனக்குக் கிடைத்த அந்த ஐந்து வருஷம் என் கெட்டிக்காரத்தனத்தில் வந்ததில்லை.

இன்று ஈஜிபுராவில் அந்த வயல் எங்கே இருந்தது என்று கேட்டால் எனக்கே காட்டத் தெரியாது. தெருவை அடைக்கும் ஓலைக் குடிசை போய் மண்டபமும் டிரோன் கேமராவும் வந்துவிட்டது. எது முதலில் வருகிறதோ அது என் தம்பிக்கு என்று சொல்லும் அம்மாக்களும் போய்விட்டார்கள். அந்தப் பசியும் போய்விட்டது. எல்லாம் போகவேண்டியதுதான், எதற்கும் நான் அழவில்லை. பதினாறு வயசு வரை பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் தெருவெல்லாம் ஓடித் திரிந்த பெண் பிள்ளைகளும் அதோடு போனார்களே, அதுதான் உறுத்துகிறது. அம்மா வயிற்றில் இருந்த இடத்தை நானும் கமலாவும் சண்டையில்லாமல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். ஓடித் திரிகிற வருஷங்களையும் அப்படிப் பிரித்துக்கொள்ள முடிந்திருந்தால், அவள் எட்டாவதாவது முடித்திருப்பாள்.