வண்டிக்குப் போட்ட மாலை

என் தங்கை தாரணி ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பெங்களூரை அடுத்த ஆனேக்கல் தாலுகா குண்டெறிதலில் முதல் இடம். மாவட்டப் போட்டியில் இரண்டாம் இடம். அங்கே முதலில் வந்த பெண்ணுக்குத் தனிப் பயிற்சியாளர் இருந்தார், காலில் நல்ல ஷூ இருந்தது. தாரணி எங்கள் ஆட்டுக்கல் குழவியைப் பழைய துணியில் சுற்றி, ஹெப்பகோடியில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காலி மனையில் எறிந்து பழகியவள். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம் என்று வளர்ந்தும் பத்தாம் வகுப்பில் முதல் வகுப்பு, கன்னடப் பாடத்தில் வகுப்பிலேயே அதிக மதிப்பெண். தண்ணீர் லாரி வரும்போது வரிசைக்கு நடுவில் குடத்தை நுழைக்கிற ஆண்களை ஒரு வார்த்தை பேசாமல் பின்னால் போகவைத்தாள். அதற்குக் கோப்பை தருவதில்லை என்றாலும் நான் அதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

இவற்றில் ஒன்றையும் எங்கள் அப்பா பார்க்கவில்லை.

அப்பா பெயர் முனிகிருஷ்ணன். டெம்போ டிரைவர். பொம்மசந்திரா கம்பெனிகளிலிருந்து ஓசூருக்கு இரும்புச் சாமான் ஏற்றிப் போவார். தாரணிக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அப்படி ஒரு லோடு ஏற்றிக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை. விபத்தில்லை. ஓசூரில் அவருக்கு வேறொரு வீடு, வேறொரு மனைவி, ஒரு கைக்குழந்தை இருப்பது சில வாரங்களில் தெரிந்துபோனது. பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், அவ்வளவு பக்கம். அம்மா வள்ளியம்மா போய்ச் சண்டை போடவில்லை. ஒரு கம்பெனி கேன்டீனில் வேலைக்குச் சேர்ந்துகொண்டு, எங்கள் இருவருக்கும் ஒரே ஒரு சட்டம் போட்டார்.

“போனவரு அவரா கூப்புடட்டும். நாம கூப்புடக் கூடாது.”

கூப்பிட நம்பர் இல்லாமலில்லை. அது எங்கள் சுவரிலேயே இருந்தது. சாமிப் படங்களுக்குக் கீழே அப்பாவின் போட்டோ ஒன்று மாட்டியிருந்தோம். ஒரு ஆயுத பூஜை அன்று எடுத்தது. பூ வைத்த டெம்போவில் அப்பா சாய்ந்து நிற்பார். வண்டியின் பக்கவாட்டில் போன் நம்பர் பெரிதாக எழுதியிருக்கும். முன்சக்கரத்தின் அருகில் தாரணி, கையில் எலுமிச்சம்பழத்தோடு குந்தியிருப்பாள்.

எலுமிச்சம்பழம் அவளுடைய வேலை. பூஜை முடிந்ததும் நான்கு சக்கரத்துக்கும் அடியில் ஒவ்வொன்று வைக்க வேண்டும், பிறகு வண்டி அவற்றை நசுக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். அப்பா சீட்டில் உட்கார்ந்துகொண்டு சாவியைத் திருப்பாமல் கத்துவார்: “மேடம் எங்க? மேடம் வந்தாத்தான் வண்டி நகரும்.” ஒளிந்திருக்கும் தாரணி அதைக் கேட்ட பிறகுதான் ஓடி வருவாள்.

அவர் போன பிறகு ஒவ்வொரு ஆயுத பூஜை அன்றும் காலையிலிருந்து அவள் போன் இருக்கும் இடத்தை விட்டு நகரமாட்டாள். பழத்தை வைக்கும்போது தன்னை நினைக்காமல் அவரால் வண்டியை எடுக்க முடியாது என்று நம்பினாள். அதை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். “மத்த நாள்ல மறந்துடலாங்க்கா. அன்னிக்கு மட்டும் முடியாது.” போன் வராத வருஷங்களில், அந்த வருஷம் அவருக்கு வண்டி ரிப்பேராக இருந்திருக்கும் என்று அவளே ஒரு காரணம் சொல்லிக்கொண்டாள்.

அவள் பத்தாம் வகுப்புப் படித்த வருஷத்து ஆயுத பூஜை அன்று, கீழ்வீட்டுக் கோவிந்தப்பா செவ்வந்திச் சரம் ஒரு கூடை வாங்கி வந்தார். கன்னடக்காரர், கூட்ஸ் ஆட்டோ வைத்திருப்பவர், அந்த வருஷம்தான் குடிவந்திருந்தார். தன் வண்டிக்குப் போக மிஞ்சிய பூவை மாடிக்குக் கொண்டுவந்து, “உயரத்துல இருக்கற தேவரு, சாமி போட்டோக்கு நானே போடறேன், நீங்க ஸ்டூல் ஏற வேண்டாம்” என்றார். அம்மா அடுப்படியில் இருந்தார். நான் தையல் மிஷினுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன். தாரணி தன் இரும்புக் குண்டைத் துடைத்து அதற்கும் மூன்று பட்டை விபூதி போட்டுக்கொண்டிருந்தாள்.

அம்மா சுண்டலோடு வெளியே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அப்பாவின் போட்டோவில் மாலை.

“யாரு இதப் போட்டது?”

“நான்தான் அம்மா” என்றார் கோவிந்தப்பா. “வண்டி இருக்குதல்ல அதுல. இவத்து, இன்னிக்கு, எல்லா வண்டிக்கும் பூஜை. வண்டிக்குப் போட்டேன்.”

“உசுரோட இருக்கற மனுசன்யா.”

கோவிந்தப்பா மாலையையும் அம்மா நெற்றியையும் மாறி மாறிப் பார்த்தார். “ஐயோ, தப்பாயித்து. நான் ஆளைப் பாக்கவே இல்லம்மா. வண்டியத்தான் பாத்தேன்.”

அம்மா மாலையை இழுத்த வேகத்தில் நூல் அறுந்து பூ தரையில் கொட்டியது. உயிரோடிருப்பவர் படத்துக்கு மாலை விழுந்தால் என்ன ஆகும் என்று அம்மாவிடம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொஞ்ச நேரம் சுவரில் சாய்ந்து நின்றவர், தன் சட்டத்தைத் தானே உடைத்தார்.

“தாரணி, கூப்புட்டுப் பாரு. கொரல் கேட்டா போதும்.”

அவள் போட்டோவைப் பார்க்காமலே நம்பரை அழுத்தினாள். அம்மாவுக்குக் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள். ஒரு சின்னப் பெண் எடுத்தாள்.

“ஹலோ, யாரு?”

“முனிகிருஷ்ணன் இருக்காரா?”

“அப்பா வண்டிக்குப் பொட்டு வெக்கறாரு. அப்பா, போனு.”

அவர் குரல் கேட்டதும் அம்மா கண்ணை மூடி மூச்சை விட்டார். அம்மாவுக்கு வேண்டியது அவ்வளவுதான். தாரணி பேசினாள்.

“நான் தாரணி.”

“எந்த… ஆங், தாரணி. சொல்லும்மா. யாருக்காச்சும் உடம்புக்கு முடியலையா?”

“இல்ல. எல்லாரும் நல்லாருக்கோம். நீங்க நல்லாருக்கீங்களான்னு கேக்கத்தான்.”

“எனக்கென்ன. நல்லாருக்கேன்.”

பின்னாலிருந்து அந்தச் சின்னப் பெண்ணின் குரல் வந்தது. “அப்பா, எலுமிச்சம்பழம் நான்தான் வெப்பேன். அம்மாவத் தொடக் கூடாதுன்னு சொல்லு.”

அவர் போனிலிருந்து வாயை விலக்கிச் சிரித்தார். “மேடம் வெச்சாத்தான் வண்டி நகரும். வா, வா.” பிறகு எங்களிடம், “சரிம்மா, நேரமாவுது. அப்புறம் கூப்புடறேன்.”

தாரணி போனை மேசைமேல் வைத்தாள். “நல்லாத்தாம்மா இருக்காரு” என்றாள். தரையில் கிடந்த பூவைப் பெருக்கி அள்ளினாள். குளிக்கப் போவதாகச் சொல்லிக் குளியலறைக் கதவைச் சாத்தினாள். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. வாளி நிரம்பி, வழிந்து, தண்ணீர் கதவுக்கு அடியில் வெளியே வந்தது. ஒரு சொம்பு வீணானால் தெருவுக்கே கேட்கும்படி திட்டுகிற அம்மா, அந்தத் தண்ணீரை மிதித்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் போட்டோ சுவரில் இல்லை. தாரணியே கழற்றி, துடைத்து, என் பழைய தாவணியில் சுற்றி டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்திருந்தாள். கிழிக்கவில்லை. ஆணியையும் பிடுங்கவில்லை. போட்டோ இருந்த இடத்தில் மட்டும் சுவர் புதுச் சுண்ணாம்பு போலத் தெரிந்தது. அவர் கூப்பிடவில்லை. அதற்கு அவள் இந்த முறை ஒரு காரணமும் சொல்லவில்லை.

பரீட்சை நெருங்கியபோது வகுப்பு ஆசிரியை வீணா மிஸ், ஹால் டிக்கெட்டில் கையெழுத்துப் போட வேண்டும், இனி வாழ்நாள் முழுக்க அதே மாதிரிதான் போட வேண்டும், வீட்டில் பழகி வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். அதுவரை தாரணி எங்கேயும் கையெழுத்துப் போட்டதில்லை. பெயரை எழுதித்தான் பழக்கம். பள்ளியில் அவள் பெயர் தாரணி எம். அந்த ‘எம்’ அப்பாவுடையது.

காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவள் எழுதிப் பார்ப்பதை அம்மா கவனித்துக்கொண்டிருந்தார்.

“அந்த இன்ஷியல உட்டுடு” என்றார். “இல்லன்னா எம் பேரப் போட்டுக்க. இப்பல்லாம் அம்மா பேரு போடறாங்களாமே.”

எனக்கும் அதுவே சரி என்று பட்டது. “போடுடி. கேக்க யாரு இருக்கா?” என்றேன்.

தாரணி பேனாவை மூடிவிட்டு, மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். “மைக்ல தாரணி எம்முன்னுதாங்க்கா கூப்புட்டாங்க. ரெண்டு போட்டியிலயும். அப்ப அவரா எந்திரிச்சுப் போனாரு? நான்தான போனேன்.” பிறகு, “அங்க இருக்கற பாப்பாவுக்கும் இதே எழுத்துதான் இருக்கும். இருக்கட்டும். நான் இத வெச்சுதான் குண்டு போட்டேன்” என்றாள்.

அம்மா எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனார். அடுப்பில் ஒன்றும் இல்லை.

ஹால் டிக்கெட்டில் கையெழுத்துப் போட்ட அன்று பள்ளி விட்டு வந்த தாரணி, பேனா கசிந்து கட்டைவிரலில் ஒட்டியிருந்த நீல மையைக் காட்டினாள். “ஒரே தடவைல வந்துருச்சுக்கா. கை ஆடல.” அவள் தன் பெயரை, எழுத்து மாறாமல், தாரணி எம். என்று முதன்முதலாகக் கையெழுத்திட்டது 2025 மார்ச் 5, புதன்கிழமை.