எண்ணெய்த் துணி

நெய்வேலியில் நான் வேலை பார்க்கும் சின்ன ஆய்வுக்கூடத்தில் பழுப்பு நிலக்கரியின் சாம்பலை எக்ஸ்ரே கருவியில் சோதிக்கிறோம். சாம்பலில் உள்ள ஒவ்வொரு தனிமமும் திருப்பி அனுப்பும் கதிரை டிடெக்டர் எண்ணிச் சொல்லும். அதன் கண் மங்கவில்லையே என்று பார்க்க, காலையில் முதல் வேலையாக, இரும்பு, சிலிக்கன் எல்லாம் எவ்வளவு என்று முன்பே தெரிந்த ஒரு கண்ணாடி வில்லையை வைத்துச் சோதிப்போம்.

போன மாதம் அந்த வில்லையின் கணக்கு இறங்க ஆரம்பித்தது. இரும்பு சரியாக வந்தது. சிலிக்கன் மட்டும் நாளுக்கு நாள் குறைந்தது. சர்வீஸ்காரர் போனிலேயே, "டிடெக்டர் போயிடுச்சி மேடம், மாத்திடுங்க" என்று முடித்துவிட்டார். யார் கையாண்டது என்று அதிகாரி கேட்டார். கையாண்டவள் என்கூட வேலை பார்க்கும் கான்ட்ராக்ட் பெண். அந்த மாதக் கடைசியில் அவளுடைய கான்ட்ராக்ட் முடிகிறது. பழி விழுந்தால் புதுப்பிக்க மாட்டார்கள்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. குட்டி போட்ட பூனை மாதிரி கருவியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். டிடெக்டர் கெட்டிருந்தால் இரும்பும் அல்லவா குறைய வேண்டும்? போனிலேயே தீர்ப்புச் சொன்ன அந்த ஆள்மேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது.

மறுநாள் அவள் வேலை செய்வதைப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். வில்லையை வைப்பதற்கு முன் ஒரு துணியால் அழுத்தித் துடைத்தாள்.

"துணில என்னம்மா வாசனை?"

"தேங்காண்ணெங்க. வெறும் துணில தொடைச்சா தூசு பறந்து திரும்ப ஒக்காந்துக்குது. ரெண்டு சொட்டு வுட்டா புடிச்சிக்கும். வூட்ல டிவியகூட அப்பிடித்தாங்க தொடைக்கறது."

என் வீட்டிலும் அப்படித்தான். அந்த எண்ணெய், வில்லைமேல் படலமாக ஏறி, சிலிக்கனின் நோஞ்சான் கதிரைத் தடுத்திருக்கிறது. இரும்பின் கதிருக்கு வலு அதிகம். அது தப்பி வந்துவிட்டது. வில்லையை ஸ்பிரிட்டில் கழுவி வைத்தேன். சிலிக்கன் பழைய இடத்துக்கே வந்தது. அந்தச் சந்தோஷம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. டிடெக்டரைக் காப்பாற்றப் போய் அவளை மாட்டிவிட்டேனே.

அதிகாரி வந்தார். நான் வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போதே அவள் முந்திக்கொண்டாள்.

"நாந்தாங்க சார் எண்ணெத் துணியால தொடைச்சிக்கினு இருந்தேன். மேடத்துக்குத் தெரியாதுங்க."

அவர் கருவியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "சரி, டிடெக்டர் நல்லா இருக்குல்ல. இனிமே துணிய இந்த ரூமுக்குள்ள கொண்டாராதம்மா."

"அப்ப அடுத்த மாசமும் வரலாங்களா?"

"வாம்மா" என்றார்.

நான் பெர்மனென்ட். இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்டதில்லை. அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.